பதிவும் படைப்பும்



‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை நாம் மிக எளிதாகக் கையாளுகின்றோம். பொழுது தானே போய்க்கொண்டிருக்கிறது. அதனைப் போக்குவதற்கு ஒருவர் முயற்சி செய்ய வேண்டுவதில்லை. போகின்ற பொழுதிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்து வைத்துக் கொள்வதற்கே முயற்சி வேண்டும். அவ்வாறு எடுத்து வைத்தவர்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நான் வாழும் உழவர்கரையில், மாலை வேளைகளில் என்னைக் காண வரும் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு ஆர்வங்களைக் காண்கின்றேன். ஒன்று, தாம் எடுத்த புகைப்படங்களைக் கணினியில் இட்டு, இணைத்தும் வெட்டியும் வண்ணம் மாற்றியும் புதிய படங்களை ஆக்குவது. மற்றொன்று, நாவல் எழுதுவது. இவர்களுடைய பெற்றோர், “இதனால் என்ன பயன்?” என்று கேட்கின்றனர். மாணவர்களோ, “ஐயா, எங்களுக்குக் கருவிகள் உள்ளன, ஆர்வமும் உள்ளது, ஆனால் எதைப் படைப்பது என்றுதான் தெரியவில்லை” என்கின்றனர். இரண்டு வினாக்களுக்கும் வரலாற்றில் ஒரே விடை இருக்கிறது. ஒருவர் தம் ஓய்வுப் பொழுதில் உண்மையாகப் பதிந்து வைத்தது எதுவோ, அதுவே பிற்காலத்தில் மற்றொருவருடைய படைப்புக்கு முதலாகின்றது. பதிவு இல்லாத இடத்தில் படைப்பு வேரூன்றுவது அரிது. இதனைச் சில சான்றுகளால் விளக்குகின்றேன்.

முதலில் நாவலை எடுத்துக்கொள்வோம். தமிழில் அச்சேறிய முதல் நாவல் எனப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். முன்சீபாக அமர்ந்து வழக்குகளை விசாரித்தவர். பணியில் இருந்தபோதே, 1859இல், ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தரவும் செய்தார். சாட்சிக் கூண்டில் நின்றவர்களின் பேச்சையும் பொய்யையும் அச்சத்தையும் ஆண்டுக்கணக்கில் கேட்டிருந்த காது அவருடையது. அதனால்தான், தமிழ் மக்களின் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடுவது எத்துணைப் பொருந்தாதது என்பதை அந்நாவலிலே அவ்வளவு நகைச்சுவையோடு எடுத்துரைக்க அவரால் முடிந்தது.

அவருக்குப் பின் வந்த அ. மாதவையாவை நோக்குங்கள். 1872இல் பிறந்த இவர் உப்பு, ஆயத் துறையில் அலுவலராக இருந்தவர். உப்பளங்களைச் சுற்றிப் பார்ப்பதும் அறிக்கை எழுதுவதுமே அவருடைய அலுவல். அந்த அலுவல் போக எஞ்சிய பொழுதில் 1898ஆம் ஆண்டில் ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். பெண் கல்வியும் இளமை மணத்தின் கொடுமையும் அவர் எழுத்தில் இடம்பெற்றன. 1925ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய பின், அங்கேயே அவர் உயிர் நீத்தார்.

மேனாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. ஆந்தனி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். சாலையோரத்து அஞ்சற்பெட்டியைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்னும் கணக்கில் எழுதுவார். அதன் பின்னரே அலுவலகம் செல்வார். இந்த வழக்கத்தால் அவர் எழுதி முடித்த நாவல்கள் 47. நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுபவரிடம் ஆண்டின் இறுதியில் 365 பக்கங்கள் இருக்கும். ‘எனக்கு நேரம் இல்லை’ என்று சொல்லும் மாணவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இனி, நம் புதுவைக்கு வருவோம். பதிவு எவ்வாறு படைப்பாகின்றது என்பதற்கு நம் ஊரை விடச் சிறந்த சான்று வேறு எங்கும் எளிதிற் கிடையாது.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் வணிகர் தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 27. பின்னர்ப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார். துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்தது, அதில் என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் மாளிகையில் யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எந்த வேளையில் எத்தனை பீரங்கிகள் முழங்கின என்பனவற்றையெல்லாம் அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதினார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டதும் அவர் ஏடுகளில் கண்முன் நிகழ்வன போல விரிகின்றன. எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. அதற்காகக் கூலி கொடுப்பாரும் இல்லை. வணிகமும் அரசியலும் ஓயாது அலைக்கழித்த வாழ்வினிடையே, 1761ஆம் ஆண்டு சனவரி மாதம் தாம் இறக்கும் காலம் வரை அந்தப் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. அவர் மறைந்த நான்கு நாட்களில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று.

அதன் பிறகு அந்த ஏடுகள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்தன. 1846ஆம் ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. பிள்ளையவர்கள் எழுதியவற்றுள் ஒரு பகுதி மறைந்தும் போயிற்று. எனினும் எஞ்சியதே, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை அறிய விரும்பும் எவரும் ஒதுக்க முடியாத சான்றாக நிற்கின்றது.

கதை இங்கே முடியவில்லை. 1945ஆம் ஆண்டில் இதே புதுவையில் பிறந்த எழுத்தாளர் பிரபஞ்சன், அந்த நாட்குறிப்பை ஊன்றிப் படித்தார். பிள்ளை எழுதிய நிகழ்ச்சிகளுக்கு இடையில் இருந்த மௌனங்களைத் தம் கற்பனையால் நிரப்பினார். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரண்டு வரலாற்று நாவல்கள் பிறந்தன. பின்னது 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. அரசர்களையும் போர்களையும் மட்டும் பாடாமல், அக்காலத்துப் புதுவைத் தெருக்களில் வாழ்ந்த எளிய மக்களையும் அடிமைகளையும் தாசிகளையும் அவர் நாவலில் நடமாட விட்டார். இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் அன்றாடம் எழுதி வைத்த குறிப்பு இல்லையேல் இந்த நாவல்கள் இல்லை. பிரபஞ்சனின் கற்பனை இல்லையேல், அந்தக் குறிப்பு ஆய்வாளர் சிலரிடம் மட்டுமே தங்கியிருக்கும். பதிந்தவரும் படைத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே பணியை இருவருமாகச் செய்து முடித்திருக்கின்றனர்.

உழவர்கரை மாணவர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க மற்றொருவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் உழவராக வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே எழுத்துலகில் அடியெடுத்து வைத்தார். தம் கரிசல் மண்ணில் வழங்கிய சொற்களைச் சேர்த்து, ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ ஒன்றைத் தொகுத்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். முன்னோர் தெற்கே குடிபெயர்ந்து வந்த வரலாற்றை வாய்மொழியாகக் கேட்டதைக் கொண்டு 1976இல் ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலை ஆக்கினார். அதன் தொடர்ச்சியாகிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. புதுவைப் பல்கலைக்கழகம் அந்த உழவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்திச் சிறப்பித்தது. வாழ்வின் பிற்பகுதியை இங்கேயே கழித்து, 2021ஆம் ஆண்டு மே மாதம் இலாசுப்பேட்டையில் காலமானார். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த அந்தப் பகுதியில் அவரை நேரிற் கண்டு வணங்கியவர் பலர். கேட்ட சொல்லைக் குறித்து வைப்பது அவருக்குப் பயிர்த்தொழிலைப் போலவே இயல்பாக இருந்தது. நாவல் அந்த நிலத்தில் விளைந்த விளைச்சல்.

நாவலின் வரலாறு இவ்வாறிருக்க, புகைப்படத்தின் வரலாறும் இதனையே கூறுகின்றது. புகைப்படம் பிரான்சு நாட்டிலிருந்து உலகுக்குக் கிடைத்த கொடை. 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், தாகேர் கண்ட முறை பாரிசில் வெளியிடப்பட்டது. ஆனால், அதே காலத்தில் இப்போலித் பயார் என்னும் மற்றொருவரும் வேறொரு முறையைக் கண்டிருந்தார். அவர் பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் எழுத்தர். ஓய்வு நேரத்தில் ஆராய்ந்தவர். 1839 ஜூன் மாதத்திலேயே தம் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டியவர். ஆயினும் புகழெல்லாம் தாகேருக்கே சென்றது. மனம் நொந்த பயார் 1840ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். அதில் அவர் கண்களை மூடி, நீரில் மூழ்கி இறந்தவர் போலச் சாய்ந்திருக்கின்றார். படத்தின் பின்புறத்தில், அரசு தாகேருக்கு எல்லாம் கொடுத்துத் தமக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றும், அதனால் இம்மனிதர் நீரில் விழுந்து மாண்டார் என்றும் எழுதி வைத்தார். உண்மையில் அவர் 1887 வரை உயிரோடு இருந்தார்!

மாணவர்களே, இந்த நிகழ்ச்சியைச் சற்றுச் சிந்தியுங்கள். உள்ளதை உள்ளவாறு காட்டுவதற்கென்றே பிறந்த கருவி, பிறந்த மறு ஆண்டிலேயே கதை சொல்லத் தொடங்கிவிட்டது. 1857இல் ரெயிலாண்டர் என்னும் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே பெரிய படத்தை உருவாக்கி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரக் கண்காட்சியில் வைத்தார். இன்று நீங்கள் கணினியில் செய்கின்ற வேலையை அன்று அவர் இருட்டறையில் செய்தார். ஆகவே, படங்களை இணைத்துப் புதுப்படம் ஆக்குவது நேற்றுத் தோன்றிய விளையாட்டு என்று எண்ண வேண்டா.

அக்காலத்துச் சென்னையிலும் இந்தக் கலை விரைந்து பரவியது. 1850இல் கலைப்பள்ளி ஒன்றை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். அவருடைய முயற்சியால் 1856இல் சென்னைப் புகைப்படக் கழகம் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்பவரோ படையில் பணிபுரிந்தவர். 1854ஆம் ஆண்டின் இறுதியில், விடுமுறையில் இருந்தபோது, ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அந்தத் திறமையைக் கண்டு அரசு பின்னர் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. அவர் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களுக்குப் பெருங்கருவிகளோடு சென்றார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வானம் வெறுமையாகத் தோன்றிய நெகடிவ்களில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டவும் செய்தார். கல்வெட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. வானத்தில் மட்டும் மேகத்தைச் சேர்த்தார். எங்கே தொடலாம், எங்கே தொடலாகாது என்பதை அறிந்த கை அது.

பின்னர் நம் ஊர்களில் ஸ்டூடியோக்கள் பெருகின. வரைந்த திரைச்சீலையின் முன் மணமக்களை நிறுத்திப் படமெடுப்பதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும், மறைந்த தந்தையின் முகத்தைத் தாயின் படத்தோடு இணைத்துத் தருவதும் அங்கே நிகழ்ந்தன. அந்தப் படங்களுள் எத்தனையோ இன்று இல்லை. கடை மூடியபோது கண்ணாடித் தகடுகளும் நெகடிவ்களும் குப்பைக்குப் போயின. 1955இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களைப் பற்றிய இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைச் சேர்த்துக் காத்து வருகின்றது. அதன் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, எஞ்சிய படங்களுக்கு டிஜிட்டல் நகல் எடுத்துள்ளனர். அவ்வாறு காக்கப்பெற்றவை பதினாயிரத்துக்கும் மேல். காக்கப்பெறாதவற்றைக் கணக்கிடுவார் யாரும் இல்லை.

கணினிக்குள் படம் நுழைந்த வரலாறும் சுவையானது. 1957இல் ரசல் கிர்ஷ் என்னும் அமெரிக்க அறிஞர், தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றிக் கணினிக்குள் செலுத்தினார். குறுக்கே 176, நெடுக்கே 176 என்பதே அப்படத்தின் அளவு. 1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் வேண்டியிருந்தன. 1987இல் தாமஸ் நோல் என்னும் ஆராய்ச்சி மாணவர், தம் ஆய்வேட்டு வேலையின் இடையே, கணினித் திரையில் படத்தின் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். அவருடைய தமையனோ தம்பியோ என்று பாராது உடன் உழைத்தவர் அவர் சகோதரர் ஜான். அவ்விருவரின் தந்தை ஒரு பேராசிரியர்; புகைப்படம் எடுப்பதில் ஆர்வங்கொண்டு வீட்டின் நிலவறையிலேயே ஓர் இருட்டறை வைத்திருந்தவர். அந்த நிரலே 1990இல் ‘ஃபோட்டோஷாப்’ என்னும் பெயரால் வெளிவந்தது. தந்தையின் ஓய்வு நேரக் கலையும் மகனின் ஓய்வு நேர முயற்சியும் சேர்ந்தே, இன்று உங்கள் கையில் இருக்கும் கருவிக்கு வித்திட்டன.

இந்தக் கருவியால் உயர்ந்த கலை பிறக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுகின்றேன். பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) வடமொழி அறிஞர். புகைப்படம் எடுப்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் விருப்பத் தொண்டாகச் செய்தவர். தம் முகத்தையும் மனைவி மக்களையும் அறுபது ஆண்டுகளையொட்டிப் படமெடுத்தார். அவர் மகளே புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்கில். 1941இல் அம்ரிதா இளவயதிலேயே மறைந்தார். அறுபது ஆண்டுகள் சென்ற பின், உம்ராவ் சிங்கின் பேரரும் ஓவியருமாகிய விவான் சுந்தரம், பாட்டனார் எடுத்த பழைய படங்களைக் கணினியில் இணைத்து, ‘ரீடேக் ஆஃப் அம்ரிதா’ என்னும் படவரிசையை 2001, 2002ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எடுக்கப்பட்ட தந்தையும் மகளும் ஒரே சட்டத்துள் எதிரெதிரே நிற்கின்றனர். காலத்தால் பிரிந்தவர்களைக் கலை ஒருங்கு சேர்க்கின்றது. பார்ப்பவர் எவரும் அதனை நடந்த நிகழ்ச்சி என்று மயங்கமாட்டார். பேரன் தன் குடும்பத்தைப் பற்றிக் கண்ட கனவு என்றே உணர்வார்.

ஆனந்தரங்கர் ஏட்டுக்குப் பிரபஞ்சன் செய்ததையே உம்ராவ் சிங் படங்களுக்கு விவான் சுந்தரம் செய்தார். ஒன்று எழுத்து, மற்றொன்று படம், முறை ஒன்றே.

இவ்விரண்டு கலைகளும் ஒருவரிடமே கூடியதற்கும் தமிழகத்தில் சான்று உண்டு. முன்னே குறித்த மாதவையாவின் இளைய மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). தந்தை மறைந்தபோது அவருக்கு வயது 13. பின்னாளில் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் கானுயிர்ப் புகைப்படக்காரராகவும் விளங்கினார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு கருவி செய்துகொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் படமெடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரை வரிசையை, 1996இல் இறக்கும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். அத்தகையவர் தமிழில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்றால், உங்களுள் சிலர் வியப்படையலாம். அடிச்சுவட்டைக் கண்டு விலங்கை ஊகிக்கும் கண்ணுக்குத் துப்பறியும் கதை அயலானது அன்று.

இனி, நம் காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கை. சென்ற ஆண்டு என்னிடம் வரும் மாணவர் ஒருவர், எங்கள் பகுதித் தெரு ஒன்றின் படத்தோடு வேறோர் ஊரின் நெல்வயற் படத்தை இணைத்து, பழுப்பு நிறம் ஏற்றி, அழகிய படம் ஒன்றை ஆக்கினார். வீடுகளுக்கு இடையே கதிர் சாய்ந்து நிற்கும் அக்காட்சி என் உள்ளத்தைத் தொட்டது. உழவர்கரை என்னும் பெயரே உழவரை நினைவூட்டுவது. பிரெஞ்சுக்காரர் ‘உல்கரே’ என்று வழங்கித் தனிக் கொம்யூனாக வைத்திருந்த இப்பகுதியில் இன்று வயல்களைக் காண்பது அரிது. ஆனால், படத்தின் கீழ் ஒரு குறிப்பும் எழுதாமல் அவர் அதனை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வாரங்களில் அது, ‘நூறாண்டுகளுக்கு முந்தைய உழவர்கரை’ என்னும் தலைப்போடு பலருடைய கைப்பேசிகளை அடைந்தது. எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் அதனைத் தம் பேரனுக்குக் காட்டி, “இதுதான் நம் பழைய ஊர்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பேரன் நாளை ஊர் வரலாறு எழுத அமர்ந்தால், இல்லாத ஒன்றைச் சான்றாகக் காட்டுவான் அல்லனோ?

படைத்த மாணவர் பொய் சொல்ல எண்ணவில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டார், அவ்வளவே. நாவலாசிரியர் தம் நூலின் அட்டையிலேயே ‘நாவல்’ என்று அச்சிட்டு விடுகின்றார்; ஆகவே அவர் கற்பனையை யாரும் குறை கூறுவதில்லை. படம் ஆக்குபவருக்கும் அந்த நாணயம் வேண்டும். இன்று நாம் ஒரு வாக்கியம் சொன்ன அளவில் எந்திரமே படத்தையும் கதையையும் ஆக்கித் தருகின்றது. இத்தகைய காலத்தில், ‘இது நான் கண்டது’, ‘இது நான் ஆக்கியது’ என்று பிரித்துச் சொல்லும் பழக்கம், கலைக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே காவலாகும். எந்திரம் ஓராயிரம் தெருக்களைக் கற்பித்துக் காட்டலாம். உங்கள் தெருவில் இன்று காலை என்ன நடந்தது என்பதை அது அறியாது, நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, அந்த மாணவரையும் அவர் தோழர் மூவரையும் அழைத்து ஒரு சிறு பயிற்சியை ஏற்படுத்தினேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரே தெருவை, ஒரே இடத்தில் நின்று படமெடுக்க வேண்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி, அந்தப் படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றாமல் தனியே வைக்க வேண்டும். அதே நாளில் அத்தெருவில் கேட்ட பேச்சையும், கடையில் விற்ற காய்கறியின் விலையையும், புதிதாக வந்தவர், குடிபெயர்ந்தவர் செய்தியையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். இதற்குப் பின்னர், படத்தின் நகலைக் கொண்டு எந்தக் கனவையும் காணலாம். எழுதிய பக்கத்தைக் கொண்டு எந்தக் கதையையும் புனையலாம். ஓராண்டு முடிவதற்குள்ளே, ஒரு வேப்பமரம் வெட்டப்பட்டதும், மரநிழலில் தையல் இயந்திரம் வைத்திருந்தவர் காணாமற்போனதும், அவ்விடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை எழுந்ததும் வரிசையாக அப்படங்களில் தெரிந்தன. “எதைப் படைப்பது?” என்று கேட்ட மாணவர்களுள் ஒருவர் இப்போது அந்தத் தையற்காரரை நாயகராக வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கின்றார். நாற்பது பக்கங்கள் வரை என்னிடம் படித்துக் காட்டினார். தையற்காரர் எங்கே போனார் என்பதை அறிய நானும் ஆவலாக இருக்கின்றேன்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் பாடத்தைப் புறக்கணித்து இவற்றில் மூழ்குவதை நான் ஆதரிப்பவன் அல்லேன். வேதநாயகர் வழக்குகளைக் கைவிட்டு எழுத ஓடவில்லை. மாதவையா உப்பளத்தை மறந்து நாவலில் ஆழவில்லை. அலுவலை அலுவலாகச் செய்து, எஞ்சிய பொழுதையும் வீணாக்காதவர்கள் அவர்கள். நாளுக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தில் கண் கூர்மை பெறுகின்றது. மொழி வளம் பெறுகின்றது. அயலாருடைய வாழ்வை உற்றுநோக்கும் பரிவும் பிறக்கின்றது. இவை எந்தத் தேர்வுக்கும் தடையாகா.

மாணவர்களே, நீங்கள் எடுக்கும் படங்கள் இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. கருவி பழுதானால் அவை ஒரே நொடியில் மறைகின்றன. ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளுக்கு நேர்ந்த கதியே அவற்றுக்கும் நேரலாம். ஆதலின், மாதத்துக்குப் பத்துப் படங்களையேனும் தேர்ந்தெடுத்து, நாளும் இடமும் குறித்து, இரண்டு இடங்களில் சேர்த்து வையுங்கள். சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள். எழுதுவதை ஒரு நல்ல குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்களுக்கே அவை பயன்படலாம், பயன்படாமலும் போகலாம். ஆனந்தரங்கப் பிள்ளை, தம் ஏட்டிலிருந்து ஒரு நாவல் பிறக்கும் என்று கனவிலும் எண்ணியிரார். அவர் செய்ததெல்லாம், அன்றைய நாளை அன்றைய நாளிலேயே உண்மையாக எழுதி வைத்ததுதான். உங்களுக்குப் பின் வரும் ஒருவர் உழவர்கரையைப் பற்றி எழுத அமரும்போது அவருக்குக் கையில் எடுக்க ஏதேனும் இருக்க வேண்டும். அதனை இன்றே தொடங்கி வையுங்கள்.